இணைப்பைத் துண்டித்தால் எந்தப் பணமும் செல்லாது

அரசு இணையத்தை முடக்கினாலும் கிரிப்டோ நாணயம் மக்களுக்குக் கைகொடுக்கும் என்ற நம்பிக்கையைக் கஜகஸ்தான் தகர்த்துவிட்டது. எரிவாயு விலை உயர்வை எதிர்த்து மூண்ட கிளர்ச்சியை ஒடுக்க, 2022 ஜனவரி 5 அன்று அந்நாடெங்கும் இணையம் துண்டிக்கப்பட்டது. அல்மாட்டி நகரில் வங்கிகள் மூடிக்கிடந்தன; அட்டைகள் வேலை செய்யவில்லை; கையில் ரொக்கம் வைத்திருந்தவர்களால்தான் கடையில் ரொட்டி வாங்க முடிந்தது. இத்தனைக்கும் உலகின் பிட்காயின் சுரங்கத் திறனில், அதாவது அந்த நாணயத்தை உருவாக்கும் கணினித் திறனில், ஏறத்தாழ 18 சதவீதம் அந்த நாட்டில் இருந்தது. அங்கிருந்த இயந்திரங்களே இணைப்பின்றி நின்றன என்றால், கைப்பேசியில் நாணயம் சேர்த்து வைத்தவர் என்ன செய்திருக்க முடியும்? கிரிப்டோவால் பயனே இல்லை என்று சொல்வதற்கில்லை. வங்கிகள் ராணுவ ஆட்சியின் பிடியில் இருந்த மியான்மரில், அதை எதிர்க்கும் தேசிய ஒற்றுமை அரசு 2021 டிசம்பரில் டெதர் என்ற கிரிப்டோ நாணயத்தை ஏற்றதற்கு வலுவான காரணம் இருந்தது. ஆனால் அதற்கும் இணைப்பு வேண்டும். ரொக்கமாக மாற்றித் தர நம்பகமான ஆள் வேண்டும். பரிவர்த்தனைப் பதிவேட்டை எவரும் பார்க்கலாம் என்பதால், ஒரு கிரிப்டோ முகவரி யாருடையது என்று தெரிந்துவிட்டால் கொடுத்தவரும் பெற்றவரும் சிக்கிக்கொள்வர். இந்த ஆபத்தைச் சொல்லாமல், நெருக்கடியில் தவிக்கும் குடும்பங்களுக்குக் கிரிப்டோவைப் பரிந்துரைப்பது பொறுப்பற்ற செயல். அதனினும் பெருங்குற்றம் இணைய முடக்கமே. மருந்துக்கும் கூலிக்குமான பணம் இணையவழியே செல்லும் காலத்தில், அது போராடுவோரோடு நோயாளியையும் தினக்கூலியையும் சேர்த்தே தண்டிக்கிறது. காலவரையற்ற இணைய முடக்கத்தை ஏற்க முடியாது என்று 2020 ஜனவரியில் நமது உச்ச நீதிமன்றம் கூறியது போதாது. எந்த முடக்க ஆணையும் பணப் பரிவர்த்தனைக்கான இணைப்பைத் தொடக்கூடாது என்று இந்தியா உள்ளிட்ட நாடுகள் சட்டம் இயற்ற வேண்டும்.