எல்லை கடந்த காணிக்கை



"ஏழை உண்ணச் சோறில்லை, ஆராய்ச்சிக்கு இத்தனை கோடியா?" நாடுகள் பல கூடி ஒரு விஞ்ஞான ஆய்வுக்குப் பெருந்தொகை ஒதுக்கிய செய்தி வரும்போதெல்லாம் இவ்வாறு கேட்போர் நம்மிடையே உண்டு. ஏழையின் பெயரால் எழும் கேள்வியை ஏளனம் செய்தல் கிறிஸ்தவனுக்கு அழகன்று. அதற்குரிய விடையை நம் தமிழகத்திலேயே நடந்த ஓர் ஆய்வு தருகிறது.

காசநோய் என்றாலே குடும்பம் முழுதும் கலங்கிய காலம் ஒன்று இருந்தது. 1950-களில் நல்ல மருந்துகள் வந்துவிட்டன. எனினும், நோயாளி சானடோரியத்தில் பல மாதங்கள் தங்கி, ஓய்வும் சத்துணவும் நல்ல காற்றும் பெற்றால்தான் மருந்து முழுப் பலன் தரும் என்று மருத்துவ உலகம் நம்பியது. நம் நாட்டிலோ நோயாளிகள் பல இலட்சம். படுக்கைகள் மிகச் சில. இடம் கிடைத்தாலும், உழைத்துப் போடும் தகப்பன் ஓராண்டு வீட்டை விட்டுப் போனால் பிள்ளைகளின் கதி என்ன?

இதற்கு வழி காண 1956-இல் நான்கு தரப்பார் கைகோத்தனர்: உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு. சென்னையில் ஓர் ஆய்வு நிலையம் தோன்றியது. பிரிட்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் பாக்ஸ் அதற்குத் தலைமை ஏற்றார். நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேர், சீட்டுக் குலுக்கிப் போட்டாற்போல், இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினர். மற்றவர் நெருக்கடி மிகுந்த தம் வீடுகளிலேயே இருந்து, அரைகுறை உணவோடு, அதே மருந்தை உண்டனர்.

முடிவு 1959-இல் வெளியாயிற்று. ஓராண்டு மருந்துக்குப் பின், சானடோரியத்தில் இருந்தோரில் 92 விழுக்காட்டினருக்கும், வீட்டில் இருந்தோரில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் சிகிச்சை பெற்றதால் குடும்பத்தார்க்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை என்பதும் தொடர்ந்த ஆய்வில் தெளிவாயிற்று. ஏழை தன் குடிசையிலிருந்தே குணம் பெறலாம் என்ற உண்மையை உலகம் சென்னையிடம் கற்றது. பணக்கார நாடுகளிலும் சானடோரியங்கள் படிப்படியாக மூடப்பட்டன. அந்த நிலையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் என்ற பெயரோடு சேத்துப்பட்டில் இயங்கி வருகிறது.

இதில் பெரிய காணிக்கை அளித்தவர் யார்? பணம் தந்த அரசுகளா, அறிவு தந்த அறிஞர்களா? இருவரும் தம் நிறைவிலிருந்து தந்தனர். அந்த 193 பேரோ தம் உடலையே தந்தனர். ஆலய உண்டியலில் இரு காசு இட்ட ஏழைக் கைம்பெண்ணை நம் ஆண்டவர் எவ்வாறு எண்ணினாரோ, அவ்வாறே இவர்களை நாமும் எண்ணுதல் தகும்.

எல்லை கடந்து பணம் தருவது திருச்சபைக்குப் புதிதன்று. யெருசலேமின் ஏழைகளுக்காகப் புனித சின்னப்பர் கொரிந்து நகரத்தாரிடம் நிதி திரட்டினார். அவர்களுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் மூன்று கருத்துகளை வற்புறுத்துகிறார். கொடுப்பது சமநிலைக்காக, இன்று தருபவர் நாளை பெறுபவராகலாம். தொடங்கியதை முடிக்க வேண்டும். பணத்தில் எவரும் குறை காணாதபடி, நம்பத்தக்கவர்களை உடன் அனுப்ப வேண்டும்.

இம்மூன்றில் இரண்டாவது இன்று பெரிதும் மீறப்படுகிறது. 2025-இன் தொடக்கத்தில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியைத் திடீரென நிறுத்தியபோது, பல நாடுகளில் காசநோய் ஆய்வுகள் நடுவழியில் நின்றன. பாலத்தைப் பாதியில் விட்டால் பணம் மட்டுமே வீணாகும். சிகிச்சை ஆய்வைப் பாதியில் விட்டாலோ, நம்பி மருந்து உண்ட மனிதனே கைவிடப்படுகிறான். கொடுப்பதும் கொடாததும் ஒரு நாட்டின் உரிமை எனலாம்; தொடங்கிவிட்ட பின் அது கடமையாகிவிடுகிறது.

ஆகவே பிறர் கையையே எதிர்பார்த்திராமல் நாமும் பங்கு போட வேண்டும். தனியொரு சாயப்பட்டறையால் இயலாத செலவைப் பலர் பங்கிட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்ததைத் திருப்பூர் வட்டாரத்தார் அறிவர். ஆய்வுச் செலவும் அத்தகையதே. அண்மையில் நம் நாடு தன் சொந்தப் பணத்திலேயே ஜார்க்கண்டில் ஓர் ஆய்வு நடத்தியது. சென்னை நிலையமும் அதில் பங்கு கொண்டது. காசநோயாளியோடு வாழும் குடும்பத்தார்க்கும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் அளித்தனர். நோயாளிக்கு மட்டும் உணவுப் பொருள் அளிக்கப்பட்ட குடும்பங்களோடு ஒப்பிட, இக்குடும்பங்களில் புதிதாக நோய் காண்பது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததென 2023-இல் அறிவித்தனர். சோறா, ஆராய்ச்சியா என்று கேட்டோமே! சோறே நோய்க்கு வேலி என்று உறுதிப்படுத்தியது அந்த ஆராய்ச்சிதான்.

கணியூரிலும் சுற்றுப்புறத்திலும் நூற்பாலைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் உழைக்கும் வெளியூர்ப் பிள்ளைகள் ஒரே அறையில் பலராய்த் தங்குகின்றனர். அவர்களில் எவருக்கேனும் இரு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால், அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று சளிப் பரிசோதனை செய்விப்பீர்களாக. பரிசோதனையும் மருந்தும் அங்கு இலவசம். தொடங்கிய மருந்தை இடையில் நிறுத்த விடாதீர்கள். என்றேனும் ஆய்வாளர் எவரும் உங்கள் வாசலுக்கு வந்தால், அஞ்சி விரட்டவும் வேண்டாம், படியாமல் கையொப்பம் இடவும் வேண்டாம். பணம் யாருடையது, பயன் யாருக்கு, ஆய்வு முடிந்த பின் அந்த மருந்து எங்களுக்கும் கிட்டுமா என்று தயங்காது கேளுங்கள். 193 ஏழைகள் தந்த காணிக்கையால் வாழ்வு பெற்ற நமக்கு, அவ்வாறு கேட்கும் உரிமையும் உண்டு. நம் பங்கைத் தரும் கடமையும் உண்டு.