அப்பத்தாவின் பெயர் எந்தப் பட்டாவில்?

நம் கூட்டங்களில் யார் மைக்கைப் பிடித்தாலும் ஒரு பேச்சு தவறாமல் வந்துவிடும். ‘நம்ம பாட்டிமார் செஞ்ச விவசாயத்துக்குத்தான் திரும்பிப் போறோம்.’ கைதட்டலும் கிடைக்கும். பாட்டி விதையைக் காத்தார், மாட்டைக் காத்தார், மண்ணைக் காத்தார் என்று அடுக்குவோம். அந்தப் பாட்டியின் பெயரில் எத்தனை சென்ட் நிலம் இருந்தது என்று மட்டும் கேட்கமாட்டோம். முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்து, அதில் பாதிக்கு மேல் விவசாயக் கடன் மேசையில் கழித்துவிட்டு, இப்போது ஊரில் மூன்று ஏக்கரில் பாடுபடுகிறேன். எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது.

என் அப்பத்தாவை வைத்தே சொல்கிறேன். சிவகங்கைச் சீமையில் கண்மாய்த் தண்ணியை நம்பிய ஊர் எங்களுடையது. வயலில் சித்திரைக்கார் நெல், மேட்டில் குதிரைவாலி, கேழ்வரகு. அறுப்புக்கு முன்னாலேயே வயலுக்குள் இறங்கி விதைக்கான கதிரைப் பார்த்து எடுப்பது அப்பத்தாதான். துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்துப் பானையில் போடும். சுரை, பூசணி விதையைச் சாணியில் பொதிந்து எருவாட்டியாகச் சுவரில் தட்டிவிடும். வீட்டில் அரிசி இல்லாத நாளிலும் விதைப்பானையில் கை வைக்க யாருக்கும், தாத்தாவுக்கும்கூட, அனுமதி கிடையாது.

சாமியும் அதற்கு வெள்ளாமையோடு சேர்ந்ததுதான். மாரியம்மனுக்கு முளைப்பாரி போடும்போது வீட்டில் இருக்கிற தானியத்திலிருந்தே எடுக்கும். எருவும் மண்ணும் நிரப்பிய ஓட்டில் விதைத்து, இருட்டு அறையில் வைத்து, விரதம் இருந்து தண்ணீர் தெளிக்கும். எது நன்றாக முளைக்கிறது, எது சோடை போகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். இன்று நாம் முளைப்புத்திறன் சோதனை என்கிறோம். அப்பத்தா அதை ‘ஆத்தா கண்ணத் தொறந்து காட்டுறா’ என்று சொல்லும். பங்குனியில் தாயமங்கலத்துக்கு நடந்தே போய் வரும். என்ன வேண்டிக்கிட்டே என்று கேட்டால் மழை, மாடு கன்று, பிள்ளைகள் என்று வரிசையாகச் சொல்லும். தனக்கென்று ஒன்றும் கேட்டதாக நினைவில்லை.

மாமியாரைக் கடைசிவரை பார்த்தது. நாத்தனார் இறந்தபின் அவருடைய இரண்டு பிள்ளைகளைத் தன் பிள்ளைகளோடு வளர்த்தது. தாத்தா பக்கவாதத்தில் விழுந்து ஆறு வருடம் படுக்கையில் கிடந்தார். ராத்திரியிலும் எழுந்து எழுந்து புரட்டிப் படுக்கவைக்கும். அந்த ஆறு வருடத்தில் அவர் முதுகில் ஒரு புண் வரவில்லை. விடிந்ததும் மாட்டுக்கொட்டத்தைக் கூட்டி, களைக்கும் போய்விடும்.

கிணறு வெட்டக் காசு இல்லாதபோது காதில் கிடந்த தண்டட்டியைக் கழற்றிக் கொடுத்தது அப்பத்தா. கிணறு தாத்தா பட்டாவில் சேர்ந்தது. 1978இல் பாகம் பிரித்தார்கள். 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்குச் சமமாக ஒரு பங்கு உண்டு. ‘அம்மாவுக்கு எதுக்கு நெலம், நாங்க இருக்கோம்ல’ என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கினார்கள். அதன்பின் மாசத்துக்கு ஒரு வீடு என்று முறைச் சாப்பாடு. யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. ஆனால், தான் விதை காத்த நிலத்தில் கீரை பறிக்கவும் மருமகளிடம் கேட்டுக்கொண்டு போகிற நிலை வந்தது.

இது பழைய கதை இல்லை. கடன் மேசையில் நான் தினமும் பார்த்தது இதுதான். விவசாய நகைக்கடனுக்குக் கணவனும் மனைவியும் வருவார்கள். கழுத்திலிருந்து கழற்றிக் கொடுப்பது மனைவி. சிட்டா கணவன் பெயரில், அதனால் கடன் அவர் பெயரில். நகை அவருடையது, பாடு அவருடையது, ‘விவசாயி’ என்ற பெயர் மட்டும் வேறொருவருக்கு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டில் உள்ள பண்ணைக் கணக்கில் பெண்கள் பெயரில் இருப்பது சுமார் 14 விழுக்காடுதான். 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். நோயாளியையும் குழந்தையையும் பார்ப்பது இதில் சேராது, அது தனிக் கணக்கு.

மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுக்க 2005இலும் வந்தது. நிலம் யார் பெயரில் இருந்தாலும் உழைக்கிற பெண்ணை உழவர் என்று ஏற்க வேண்டும் என்று எம்.எஸ்.சுவாமிநாதன் மாநிலங்களவையில் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறாமலே போனது. தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டிக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். அவர் கடை நடத்திச் சேர்த்த காசில் தானே நிலம் வாங்கியவர். அதனால்தான் ஊரும் நாடும் அவரை விவசாயி என்று கண்டது. நிலம் இல்லாத பாப்பம்மாள்கள் நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள்.

இயற்கை விவசாயிகளான நமக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. களைக்கொல்லியை விட்டோம், கைக்களை கூடியது. அது யார் கை? பஞ்சகவ்யத்தைக் காலையும் மாலையும் கலக்குவது யார்? சாணி அள்ளுவது, விதையைக் காயவைப்பது, புடைப்பது யார்? ‘செலவே இல்லாத விவசாயம்’ என்று மேடையில் சொல்கிறோமே, அதில் பாதி வீட்டுப் பெண்களின் கூலி எழுதப்படாததால் வந்த மிச்சம். வங்கிக்காரன் கண்ணுக்கு அது லாபம் இல்லை, கணக்கில் வராத கடன்.

‘அன்புல செய்யறதுக்குக் கூலி போடுவாங்களா?’ என்று கேட்பார்கள். அப்பத்தாவின் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. அன்புக்கு யாரும் விலை கேட்கவில்லை. நிலத்தில் பங்கு கேட்கிறோம். ‘ஒத்துமையா இருக்கோம், பத்திரத்துல யார் பேரு இருந்தா என்ன?’ என்பது அடுத்த கேள்வி. யார் பெயர் இருந்தாலும் ஒன்றுதான் என்றால், மனைவி பெயரையும் சேர்ப்பதில் என்ன தயக்கம்?

நான் சொல்வது மூன்றே காரியம். ஒன்று, இயக்கத்தின் உறுப்பினர் பதிவேட்டிலும் சான்றுக் குழுப் பட்டியலிலும் குடும்பத்துக்கு இரண்டு பெயர் எழுத வேண்டும். இரண்டு, சாகுபடிக் கணக்கு எழுதும்போது வீட்டுப் பெண்களின் வேலை நாளை ஊர்க் கூலிக்குக் கணக்கிட்டு எழுத வேண்டும். அதற்குப் பிறகும் மிஞ்சினால்தான் லாபம். மூன்று, முடிந்தவர்கள் ஒரு ஏக்கராவது மனைவிக்கோ மகளுக்கோ எழுதி வைக்க வேண்டும். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்ட் பத்திரத்துக்குக் கிரயப் பத்திரத்தைவிடச் செலவு மிகக் குறைவு. பத்திரம் முடிந்ததும் பட்டா மாறுதலையும் கையோடு முடித்துவிடுங்கள். பட்டா மாறாத பத்திரத்தோடு கடன் கேட்டு வந்து திரும்பிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

2026ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை பெண் உழவர்களுக்கான பன்னாட்டு ஆண்டாக அறிவித்திருக்கிறது. அதற்கு விழா எடுத்துப் பொன்னாடை போர்த்துவது எளிது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் உங்கள் சிட்டா நகலை எடுத்து வாருங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, பாட்டிமாரைப் பற்றிப் பேசுவோம்.