ஆற்றல் ஏறுகிறது, தேர்ச்சி ஏறுகிறதா?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கோலாலம்பூரிலிருந்து காராக் நெடுஞ்சாலை வழியே கிழக்கு நோக்கிச் செல்வோர் அந்தக் காட்சியைக் கண்டிருப்பர். எண்ணெய் நிலையத்தின் ஓரத்தில் பத்துப் பதினைந்து பெரிய மோட்டார் சைக்கிள்கள் அணிவகுத்து நிற்கும். அவற்றைச் சூழ்ந்து, தோலுடையும் தலைக்கவசமுமாக இளைஞர்கள் நிற்பர். அவர்களுள் நம் இளைஞர்களும் உளர். அவர்தம் பேச்சில் திரும்பத் திரும்ப எழும் வினா ஒன்று உண்டு: 'இருப்பதை விற்றுவிட்டு அடுத்து எதை வாங்கலாம்?'

நானூறு சி.சி. வண்டி வைத்திருப்பவன் ஆயிரம் சி.சி.யை நோக்குகின்றான். அதனை அவன் 'முன்னேற்றம்' என்றே சொல்கின்றான். சுற்றியிருப்போரும் அவ்வாறே சொல்லி வாழ்த்துகின்றனர். அந்தச் சொல் அங்கே பொருந்துமா என்பதுதான் இங்கு எழும் கேள்வி.

அந்த ஆசையை இகழ்ந்து பேசுவது எளிது, ஆயின் முறையாகாது. தோட்டப்புறத்தில் தந்தை ஒரு சிறிய ஹோண்டாவில் மனைவியை ஏற்றிச் சென்றார். மக்களை ஏற்றிச் சென்றார். அரிசி மூட்டையையும் ஏற்றிச் சென்றார். மழையில் நனைந்து வேலைக்குப் போனதும் அதே வண்டியில்தான். அவருடைய மகன் கல்வி பெற்று, நகரில் வேலை பெற்று, தன் சம்பளத்தில் தவணை கட்டி ஒரு பெரிய வண்டியை வாங்கும்போது, அந்த வண்டியில் ஒரு குடும்பத்தின் வரலாறும் ஏறிக்கொள்கின்றது. 'நாங்களும் வந்துவிட்டோம்' என்று ஊருக்கு உரைக்கும் முழக்கம் அது. அந்தப் பெருமிதத்தைப் புரிந்துகொள்ளாதவர் எவரும் அவ்விளைஞனோடு பேசும் தகுதி உடையவராகார். ஆனால், புரிந்துகொள்வது வேறு, ஒப்புக்கொள்வது வேறு.

முதலில் இரண்டு வண்டிகளை அருகருகே நிறுத்திப் பார்ப்போம். 1992இல் வெளிவந்து 2022இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட ஹோண்டா சி.பி. 400 சூப்பர் ஃபோர், சிங்கப்பூரில் நடுத்தர வகுப்பினர் பெரிதும் விரும்பிய வண்டி. 399 சி.சி. இயந்திரம், ஏறத்தாழ 53 குதிரைத்திறன், எடை சுமார் 200 கிலோ. இன்றைய ஆயிரம் சி.சி. பந்தய வகை வண்டிகளுட் பலவும் அதே 200 கிலோ எடையுடையனவே. ஆனால், அவற்றின் ஆற்றலோ 200 குதிரைத்திறனைத் தொடுகின்றது. எடை மாறவில்லை, ஆற்றல் ஏறத்தாழ நான்கு மடங்காகிவிட்டது. ஓட்டுபவனுக்கு மட்டும் அதே இரண்டு கண்கள். அதே இரண்டு கைகள். போன வாரம் இருந்த அதே மூளை!

நான்கு மடங்கு ஆற்றல் என்பதன் பொருள் யாது? நின்ற நிலையிலிருந்து ஏறத்தாழ மூன்று வினாடியில் அந்த வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை அடைந்துவிடும். முதல் கியரிலேயே 110ஐத் தாண்டிவிடும். மலேசிய நெடுஞ்சாலைகளில் சட்டம் ஒப்பும் உச்ச வேகம் 110. சிங்கப்பூரின் விரைவுச்சாலைகளில் 90. அதாவது, ஆறு கியர் உள்ள வண்டியில் ஐந்து கியர்களின் முழு ஆற்றலுக்கு நாட்டின் எந்தப் பொதுச் சாலையிலும் சட்டப்படி இடமில்லை. நானூறு சி.சி. வண்டியே அந்த எல்லையை எளிதாகக் கடக்க வல்லது. பின் எதற்காக இந்த மாற்றம்? சாலையில் இல்லாத ஒன்றைச் சந்தையில் காசு கொடுத்து வாங்குவதற்குப் பெயர் முன்னேற்றமா?

'ஆற்றல் இருந்தால் அதைப் பயன்படுத்தியாக வேண்டுமா? கைப்பிடி என் கையில்தானே இருக்கின்றது?' என்பர். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆயின் மனிதனின் கை அத்துணைக் கட்டுப்பாடு உடையதன்று. நடுத்தர வண்டியில் மணிக்கட்டு தவறுதலாகச் சிறிது திரும்பினால் வண்டி சற்றே முந்தும். தவற்றைத் திருத்திக்கொள்ள நேரம் தரும். அந்த வண்டி பிழை பொறுக்கும் ஆசிரியரைப் போன்றது. பேராற்றல் வண்டியில் அதே பிழை நேர்ந்தால் முன் சக்கரம் மேலெழும். ஈரச் சாலையாயின் பின் சக்கரம் வழுக்கும். மேடு பள்ளத்தில் உடல் பின்னோக்கிச் சாய்ந்தால், பிடித்திருக்கும் கையும் கைப்பிடியைத் தானே முறுக்கிவிடும். அச்சம் வந்த கணத்தில் கை தளர்வதில்லை, இறுகுகின்றது. கட்டுப்பாடு என்பது மன உறுதி மட்டுமன்று. பலநூறு முறை பழகிய உடலின் பழக்கம் அது. அந்தப் பழக்கத்தை எந்தக் கடையும் வண்டியோடு சேர்த்து விற்பதில்லை.

இதற்குச் சான்று உண்டு. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் நிகழ்ந்த தொள்ளாயிரம் மோட்டார் சைக்கிள் விபத்துகளை நிகழிடத்திற்கே சென்று ஆராய்ந்து, 1981இல் அறிக்கை வெளியிட்டது. விபத்திற்குள்ளானவர்கள் சாலையில் ஓட்டிய பட்டறிவு ஏறத்தாழ மூன்று ஆண்டு. ஆனால், அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் விபத்து நேர்ந்த அந்தக் குறிப்பிட்ட வண்டியில் ஐந்து மாதமும் பழகியிராதவர்கள்! மூன்றாண்டுப் பட்டறிவு புதிய வண்டிக்கு அப்படியே மாறிவிடவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எவ்வாறு கூறுவது? விபத்தைத் தவிர்க்க அவர்களுக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு வினாடிக்கும் குறைவு என்பதும் அவ்வறிக்கை கண்ட உண்மை.

நேர்மை கருதி மற்றொன்றையும் கூறவேண்டும். அதே அறிக்கை, பெரிய இயந்திரம் கொண்ட வண்டிகள் அவற்றின் எண்ணிக்கைக்குக் குறைவாகவே விபத்தில் சிக்கின என்றும் சொல்கின்றது. பெரிய வண்டிப் பற்றாளர் இதனை மகிழ்ந்து எடுத்தாள்வர். ஆனால், அடுத்து வரும் செய்தியை விட்டுவிடுவர்: சிக்கியபோது காயம் கடுமையாக இருந்தது என்பதே அது. மேலும், அந்நாளைய பெரிய வண்டி வேறு. இன்றைய பந்தய வகை வண்டி வேறு. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பதிவு பெற்ற வண்டிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டபோது, பந்தய வகை வண்டியோட்டிகளின் இறப்பு விகிதம் ஏனைய மோட்டார் சைக்கிளோட்டிகளைவிட ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது.

'மலேசியாவில் சாலையில் மாள்வோர் பெரும்பாலும் சிறிய காப்சாய் ஓட்டுபவர்கள்தானே?' என்றொரு மறுப்பும் எழும். உண்மை. 2019ஆம் ஆண்டில் மலேசியச் சாலைகளில் 6,167 பேர் மாண்டனர். அவர்களுள் பத்தில் அறுவருக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அவர்களுட் பெரும்பகுதியினர் சிறு வண்டிக்காரர்களே. நாட்டில் ஓடும் வண்டிகளுட் பெரும்பகுதி சிறு வண்டிகள் என்பதே காரணம். இந்த எண்ணிக்கை பெரிய வண்டிக்கு நற்சான்று ஆகாது. சிறிய வண்டியிலேயே இத்தனை உயிர்களை இழக்கும் நாட்டில், ஆற்றலை நான்கு மடங்காக்குவது எவ்வகையில் அறிவுடைமை?

'இன்றைய வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக் உண்டு. பின் சக்கரம் வழுக்காமல் காக்கும் மின்னணுக் கருவியும் உண்டு. பழைய நடுத்தர வண்டியைவிடப் புதிய பெரிய வண்டியே பாதுகாப்பானது' என்பது மூன்றாவது வாதம். இதில் பாதி உண்மை இருக்கின்றது. அக்கருவிகள் உயிர் காப்பன. அவற்றை வரவேற்கத்தான் வேண்டும். ஆயினும், எந்தக் கருவியும் டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பிடிப்பைக் கூட்டித் தராது. எதிரே திடீரெனத் திரும்பும் லாரியை நகர்த்திவிடாது. நன்கு பிரேக் பிடித்தாலும் 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நிற்பதற்குச் சுமார் 50 மீட்டர் வேண்டும். வேகம் இரு மடங்கானால் தூரம் இரு மடங்கன்று, நான்கு மடங்கு. 200 கிலோமீட்டர் வேகத்திற்கு 200 மீட்டர்! கண் கண்டு கை செயற்படும் ஒரு வினாடிக்குள் வண்டி கடந்துவிடும் 55 மீட்டர் இதில் சேரவில்லை. இது படிவம் நான்கு மாணவனும் எழுதிக் காட்டக்கூடிய இயற்பியல். விளம்பரத்தாள் அதனை மறைக்கலாம், மாற்ற இயலாது.

உற்பத்தியாளர்களே ஒரு கட்டத்தில் தயங்கினர் என்பது பலரும் அறியாதது. 1999இல் வெளிவந்த சுசுகி ஹயபுசா மணிக்கு 300 கிலோமீட்டரைக் கடந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஜப்பானிய, ஐரோப்பிய நிறுவனங்கள் எழுதப்படாத ஓர் உடன்பாட்டிற்கு வந்து, வேகத்தை 299 அளவில் நிறுத்திக்கொண்டன. அரசுகள் தடை விதித்துவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம் என்பர். விற்பவனே அஞ்சி எல்லை வகுத்த பண்டத்தை, வாங்குபவன் அஞ்சாமல் வாங்குவது வீரமா?

இனி, உரிம முறையைப் பார்ப்போம். சிங்கப்பூரில் 200 சி.சி. வரை 2பி, 201 முதல் 400 வரை 2ஏ, அதற்கு மேற்பட்டவை 2ஆம் வகுப்பு. ஒரு படியில் ஓராண்டேனும் உரிமம் வைத்திருந்து, தேர்விலும் தேறினால்தான் அடுத்த படி. இது நல்ல ஏணி, பாராட்டத்தக்கது. ஆயினும் இதில் இரு குறைகள் உள்ளன. முதலாவது, அந்த ஓராண்டில் அவன் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினான் என்று எவரும் கேட்பதில்லை. வண்டியைத் தொடாமலே ஓராண்டைக் கழித்தவனும், மழையிலும் வெயிலிலும் நாள்தோறும் ஓட்டியவனும் ஒரே நாளில் தேர்வுக்குத் தகுதி பெறுகின்றனர். வகுப்பில் உட்கார்ந்திருந்த காரணத்தாலேயே மேல் வகுப்புக்கு அனுப்பப்படும் மாணவனின் நிலையை ஆசிரியர்கள் நன்கறிவர். இரண்டாவது குறை இதனினும் பெரிது. ஏணி மிகுதியாகத் தேவைப்படும் இடத்தில் அது முடிந்துவிடுகின்றது. 400 சி.சி.க்கு மேல் படியே இல்லை, 500 சி.சி. வண்டிக்கும் 1,300 சி.சி. வண்டிக்கும் ஒரே உரிமம். மலேசியாவிலும் 500 சி.சி.யைத் தாண்டிய அனைத்திற்கும் ஒரே பி உரிமந்தான்.

அளவுகோலும் தவறானது. 1,745 சி.சி. கொண்ட கனத்த அமெரிக்கப் பயண வண்டி நூறு குதிரைத்திறனை எட்டுவதில்லை, 600 சி.சி. பந்தய வகை வண்டியோ 115ஐக் கடக்கின்றது. இயந்திரத்தின் கொள்ளளவைக் கொண்டு ஆற்றலை அளப்பது, புத்தகத்தின் பருமனைக் கொண்டு புலமையை அளப்பது போலாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் நடுப்படியை ஆற்றலாலும் எடையாலும் அளக்கின்றது: 35 கிலோவாட், அஃதாவது சுமார் 47 குதிரைத்திறன், எடைக்கு மிஞ்சிய ஆற்றலும் கூடாது. அந்தப் படியில் ஈராண்டு இருந்தபின், அல்லது 24 வயதிற்குப் பின்தான், கட்டற்ற உரிமத்திற்கு வழி. ஜப்பானோ 1975இல் 400 சி.சி.யில் ஒரு வரம்பிட்டு, அதற்கு மேல் செல்வோர்க்கு மிகக் கடினமான தேர்வை வைத்தது. 1996இல் பயிற்சிப் பள்ளிகளின் வழியாகவே உரிமம் பெறலாம் எனத் தளர்த்தும் வரை அத்தேர்வில் தேறியோர் சிலரே. நம்மவர் விரும்பும் நானூறு சி.சி. வண்டிகள் அந்த வரம்பினுள் வளர்ந்தவையே என்பதை மறத்தல் ஆகாது.

ஆகவே செய்யத்தக்கவை மூன்று. படிகள் சி.சி.யால் அன்றி ஆற்றலாலும் எடையாலும் அளக்கப்படல் வேண்டும். நூறு குதிரைத்திறனுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் தனிப்படியும், மூடிய திடலில் திடீர்ப் பிரேக்கும் வளைவும் பயிலும் கட்டாயப் பயிற்சியும் வேண்டும். புதிய வண்டியின் முதல் சில மாதங்களையாவது கூட்டப் பயணத்தில் கழிக்காமல், தனியே மெல்லப் பழகும் வழக்கத்தை மோட்டார் சைக்கிள் குழுக்கள் தாமே உறுப்பினரிடையே நிலைநாட்டல் வேண்டும். பெரிய வண்டியே கூடாதென்பது இங்கு வாதமன்று. பல்லாண்டு ஓட்டி, பயிற்சி பெற்று, தன் அளவை அறிந்தவன் ஏறுவானாயின் அது அவன் உரிமை. ஏறத் தகுதி பெறுமுன் ஏறுவதே குற்றம்.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. திருவள்ளுவர் 'வலியறிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். அதனை மனப்பாடப் பகுதியாக மட்டும் ஒப்புவித்துச் செல்லும் மாணவன், பத்தாண்டு கழித்து இருநூறு குதிரைத்திறனின்மேல் அமரும்போது அது அவன் நினைவுக்கு வருமா? வினைக்குரிய வலிமையையும் தன் வலிமையையும் எடைபோடுதல் என்பதை அரசர்க்குரிய பாடமாக மட்டும் நடத்தாமல், சாலையில் செல்லும் இளைஞனுக்குரிய பாடமாகவும் நடத்தினால், தமிழ் வகுப்பறை ஓர் உயிரையேனும் காக்கும்.

சிறிய ஹோண்டாவில் குடும்பத்தையே ஏற்றிச் சென்ற அந்தத் தந்தை, ஒவ்வொரு நாளும் வீடு திரும்பினார். அவருடைய ஓட்டத்தின் உயர்வு அதில் இருந்தது. மகனின் வண்டி எத்தனை குதிரைகளின் ஆற்றலைக் கொண்டது என்று அவர் கேட்கப் போவதில்லை. இரவில் வாயிற்கதவைத் திறந்துவைத்து, அந்த வண்டியின் ஒலி தெருமுனையில் கேட்கின்றதா என்றே அவர் செவி சாய்த்திருப்பார். அந்தச் செவிக்கு விடை சொல்லும் தேர்ச்சியே முன்னேற்றம். ஏனையவை வெறும் விலை உயர்வு.