டிக்டாக் தடை: கடை மாறியது, பழக்கம் மாறவில்லை

2020 ஜூன் 15 அன்று லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் நமது ராணுவ வீரர்கள் 20 பேர் உயிர் துறந்தனர். இரண்டு வாரம் கழித்து, சீனத் தொடர்புடைய 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. அவற்றுள் பெரியது டிக்டாக். ஒரு நிமிஷத்துக்குள் ஆடி, பாடி, நையாண்டி செய்து ஊருக்கே காட்டும் விளையாட்டுச் சாதனம். இந்தியாவில் சுமார் 20 கோடிப் பேர் அதைப் பயன்படுத்துவதாக அக்கம்பெனி கூறி வந்தது.

தடை தவறு என்று சொல்வதற்கில்லை. சீனாவின் 2017-ஆம் ஆண்டு உளவுச் சட்டப்படி, அந்நாட்டுக் கம்பெனிகள் அரசின் உளவுப் பணிக்கு ஒத்துழைக்கக் கடமைப்பட்டவை. தவிர, 2009 முதல் பேஸ்புக்கைத் தன் எல்லைக்குள் விடாத நாடு, தன் சரக்கைப் பிறர் தட்டாமல் வாங்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமாகாது.

ஆனால் பலன் யாருக்குப் போயிற்று? நமது பெங்களூரிலிருந்தே மோஜ், ஜோஷ் போன்ற சுதேசிச் செயலிகள் அவசர அவசரமாகப் புறப்பட்டன. அதே ஜூலையில் இன்ஸ்டாகிராம் 'ரீல்ஸ்' பகுதியை இந்தியாவில் திறந்தது. செப்டம்பரில் யூடியூப் 'ஷார்ட்ஸ்' வந்தது. கூட்டத்தில் பெரும்பகுதி அங்கேதான் போய்ச் சேர்ந்தது. சீனக் கடை மூடப்பட்டது. அமெரிக்கக் கடை நிரம்பியது. சுயசார்பு என்று முழங்கியவர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் இதே டிக்டாக்கைத் தடை செய்தது. சிறுவர்களுக்குக் கேடு என்பது புகார். இரு தரப்பு வாதமும் பகிரங்கமாகக் கேட்கப்பட்டு, மூன்று வாரத்தில் தடை நீங்கியது. அமெரிக்காவிலும் 2024-இல் காங்கிரஸ் சட்டம் இயற்றிற்று. கம்பெனி வழக்காடித் தோற்றது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் காரணங்களை எழுதித் தீர்ப்பளித்தது. யாரும் படித்துப் பார்க்கலாம்.

2020 தடைக்கு நாம் கண்டது, நாட்டின் இறையாண்மைக்கும் பாதுகாப்புக்கும் பங்கம் என்று பொதுப்படையாகச் சொன்ன செய்திக்குறிப்பு மட்டுமே. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு, காரணத்தை எழுத்தில் பதியவேண்டும் என்கிறது. 2009-ஆம் ஆண்டு விதிகளோ அதை ரகசியமாக வைக்கச் சொல்கின்றன! எழுத்தில் காரணம் இருப்பதால் பாதிக்கப்பட்டவர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை ஏற்றுக்கொண்டது. காகிதமே கைக்கு வராதவர் எதை எடுத்துக்கொண்டு போவார்?

டிவிட்டர் கம்பெனி இத்தகைய உத்தரவுகளை எதிர்த்து இதே பெங்களூரில் உயர்நீதிமன்றப் படி ஏறியது. 2023 ஜூனில் மனு தள்ளுபடியாயிற்று. 50 லட்சம் ரூபாய் அபராதம் வேறு. பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், கணக்கு முடக்கப்பட்ட சாதாரண ஆசாமி எங்கே நிற்பார்?

இன்டர்நெட்டையே நிறுத்தும் உத்தரவுகளை அரசு வெளியிட்டாக வேண்டும் என்று, காஷ்மீர் வழக்கில் 2020 ஜனவரியிலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. செயலித் தடைக்கும் அதே அளவுகோல் வேண்டும். ராணுவ ரகசியம் என்று கருதும் வரிகளை மறைத்துக்கொண்டு, மீதியையாவது அரசு அச்சிடட்டும்.