பிள்ளையின் பெயர் பிழையாகலாமா?

பிள்ளைக்குப் பெயர் சூட்டுவது பெற்றோரின் உரிமை. அதைச் சரியாகப் பதிந்து வைப்பது அவர்களின் கடமை. உரிமையைக் கொண்டாடும் நம்மவர்களில் பலர் கடமையை மறந்துவிடுகிறார்கள். அதன் பலன் பள்ளிக்கூட வாசலில்தான் தெரிகிறது.

மும்பைத் தமிழர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. வீட்டில் கயல்விழி என்று பெயர் வைக்கிறோம். ஆங்கிலத்தில் 'ழ'வுக்கு 'இசட் எச்' போடுகிறோம். அதைப் பார்த்து இந்தியிலோ மராத்தியிலோ எழுதுகிறவர் அதை 'ஜ' ஆக்கிவிடுகிறார். கயல்விழி 'கயல்விஜி' ஆகிவிடுகிறாள்! இன்னும் சிலர், ஆஸ்பத்திரியில் கேட்டவுடன் வாய்க்கு வந்த செல்லப் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். ஜாதகம் பார்த்து வேறு பெயர் வைத்த பிறகு விழிக்கிறார்கள்.

இந்த அவசரம் தேவையில்லை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆனால் பெயர் முடிவாகாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடலாம். 12 மாதங்களுக்குள் கட்டணம் இன்றியும், பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்க்க விதிகள் இடம் தருகின்றன.

பெயரைச் சேர்ப்பது எளிது. பதிந்த பெயரை மாற்றுவதுதான் கடினம். பதிவில் பிழை இருப்பதாக ஆதாரத்துடன் நிரூபித்தால், பதிவாளர் ஓரத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்திடுவார். பழைய பதிவு அழிக்கப்படாது. 'மனம் மாறிவிட்டது' என்பது பிழை ஆகாது. அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிட்டாலும், பிறப்புப் பதிவேடு தானாக மாறிவிடாது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். பிள்ளை பிறந்த இடத்தில்தான் பிறப்பு பதிவாகும். திருநெல்வேலியில் பிறந்த பிள்ளையின் பெயரைத் தாராவியில் திருத்த முடியாது. லீவு போட்டு, ரயில் ஏறி ஊருக்குப் போக வேண்டியதுதான். தினக்கூலிக்காரருக்கு இது சிறிய நஷ்டமா?

2023 அக்டோபர் 1ஆம் தேதியும் அதன் பின்னும் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தச் சான்றிதழின் மதிப்பு கூடியிருக்கிறது. பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், அரசு வேலை அனைத்துக்கும் பிறந்த தேதி, இடத்தைக் காட்டும் ஆதாரம் அதுவே. ஓர் எழுத்துப் பிழை பிள்ளையுடனேயே வளரும்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. பதிவு செய்யும் முன் பெயரைப் பெற்றோரிடம் காட்டி, 'சரிதானா?' என்று கேட்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் பல நாள் அலைச்சலைத் தடுக்கும். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளர்களுக்குப் படிவம் நிரப்பித் தரும் பொறுப்பை இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் ஏற்கலாம்.

பெற்றோர்களே! பெயரை ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொண்டு போங்கள். முடிவாகவில்லை என்றால் காலியாக விடுங்கள். சான்றிதழை வாங்கியதும் அங்கேயே நின்று, எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். ஆசையாக வைத்த பெயர் ஏட்டிலும் அப்படியே இருக்கட்டும்.