தொண்டை நோவும் பெனிசிலினும்

மழைக்காலம் தொடங்கியதும் திண்டுக்கல் நகரிலும், வேடசந்தூர், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் முதலிய ஊர்களிலும் குழந்தைகள் தொண்டை நோவும் ஜுரமுமாகப் படுப்பது வழக்கம். தகப்பனார் வேலைக்குப் போகும் வழியில் மருந்துக் கடையில் நின்று, "தொண்டை வலிக்கு ஏதாவது கொடுங்கள்" என்கிறார். கடைக்காரர் அஜித்ரோமைசின் மாத்திரை மூன்றை எடுத்துக் கொடுக்கிறார். விஷயம் முடிந்தது, குழந்தையின் தொண்டையை மட்டும் யாரும் பார்க்கவில்லை. வேறு சில வீடுகளில், ஆன்டிபயாடிக் மருந்துகள் உடலைக் கெடுக்கும் என்று கேள்வியுற்றவர்கள், வைத்தியரே எழுதிக் கொடுத்தாலும் சீட்டை மடித்து வைத்துவிட்டு மஞ்சள் பாலோடு நின்றுவிடுகின்றனர். இவ்விரு சாராரும் தவறு செய்கின்றனர் என்பது நமது அபிப்பிராயம். முன்னவர் செய்யும் தீங்கைப் பற்றி இப்பொழுது எங்கும் பேச்சாயிருக்கிறது. பின்னவர் தேடிக்கொள்ளும் தீங்கைப் பற்றிப் பேசுவார் இல்லை. ஆதலின் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

தொண்டை நோவுகளில் பெரும்பாலானவை வைரஸினால் வருபவை. ஒரு வாரத்தில் தாமே தணிந்துவிடும். ஆனால் குழந்தைகளுக்கு வரும் தொண்டை நோவில் ஏறக்குறைய 100-க்கு 20 அல்லது 30, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியினால் உண்டாவது. இதுவும் பார்வைக்குத் தானே ஆறிவிடும். வஞ்சகம் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. இரண்டு மூன்று வாரங்கள் கழித்து, கிருமியை எதிர்க்க எழுந்த தேகசக்தி, பகைவன் யார், வீட்டான் யார் என்று அறியாமல், சொந்த மூட்டுகளையும் இருதயத்தையும் தாக்குகிறது. ருமாட்டிக் ஜுரம் என்பது இதுவே. மூட்டு வீக்கம் சுவடின்றி மறையும். இருதய வால்வில் விழுந்த வடுவோ மறைவதில்லை. 5 வயது முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளையே இது பெரும்பாலும் பிடிக்கிறது. பள்ளியில் படித்த காலத்துத் தொண்டை நோவை எல்லோரும் மறந்த பின்னர், அப்பெண் மணமாகிக் கருவுற்று, மாடிப்படி ஏறும்பொழுது மூச்சுத் திணறுகிறாள். அப்பொழுதுதான் வால்வு சுருங்கியிருப்பது தெரிய வருகிறது. 2015-ஆம் ஆண்டில் இந்த இருதய நோயால் உலகத்தில் சுமார் 3,19,000 பேர் மாண்டனர் என்றும், அவர்களில் சுமார் 1,19,000 பேர் இந்தியர் என்றும் ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். இது ஏழைகளின் நோய். நெருக்கமான வீட்டில் நான்கு குழந்தைகள் ஒரே பாயில் படுக்கும் இடத்தில் அது வளர்கிறது. பணக்கார நாடுகளில் அநேகமாக ஒழிந்து போயிற்று.

இதைத் தடுக்கும் மருந்து பழைய பெனிசிலினும் அதன் இனமான அமாக்சிசிலினுமே. பத்து நாள் மாத்திரை, அல்லது பென்சாதைன் பெனிசிலின் ஊசி ஒன்றே ஒன்று. விலையும் மலிவு. தொண்டை நோவு கண்ட ஒன்பது நாட்களுக்குள் தொடங்கினாலும் ருமாட்டிக் ஜுரத்தைத் தடுத்துவிடலாம். ஆகவே முதல் நாளே கடைக்கு ஓட வேண்டிய அவசியமும் இல்லை. வைத்தியர் பார்க்கவும், தொண்டைச் சளியை எடுத்துச் சோதிக்கவும் போதிய அவகாசம் இருக்கிறது. இருமலும் மூக்கொழுக்கும் குரல் கம்மலும் இருந்தால் அது பெரும்பாலும் வைரஸே; உப்பு நீரில் கொப்பளித்து, ஜுரத்துக்குப் பாராசிடமால் கொடுத்துப் பொறுத்திருப்பதே தகும். இருமல் இன்றி ஜுரம் அடித்து, டான்சிலில் வெள்ளை படர்ந்து, கழுத்தில் நெறி கட்டி, தொட்டால் வலித்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று சந்தேகிக்க இடமுண்டு. அப்பொழுது வைத்தியர் கொடுக்கும் மருந்தை மறுப்பது குழந்தையின் இருதயத்தைப் பணயம் வைப்பதாகும். (எச்சிலும் விழுங்க முடியாமல், மூச்சுவிடத் தவிக்கும் குழந்தையை உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.)

இனி மூன்று மாத்திரைக்காரரிடம் வருவோம். பெனிசிலின், கிருமி தன் மேற்சுவரைக் கட்டவொட்டாமல் தடுத்து அதைக் கொல்கிறது. வைரஸுக்கு அத்தகைய சுவரே கிடையாது. திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளிக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. துவாரமே இல்லாத இடத்தில் எந்தச் சாவியைப் போடுவது? மற்ற ஆன்டிபயாடிக் மருந்துகளும் வைரஸை ஒன்றும் செய்வதில்லை. உண்மையிலேயே ஸ்ட்ரெப்டோகாக்கஸாக இருந்தாலுங்கூட, அஜித்ரோமைசின் முதல் மருந்தன்று. பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு உரிய மாற்று மருந்து அது. பல நாடுகளில் இக்கிருமி அவ்வின மருந்துக்கு அடங்க மறுத்து வருகிறது. பெனிசிலினை எதிர்க்க மாத்திரம் அது இன்றுவரை கற்கவில்லை. கையில் இருக்கும் நல்ல ஆயுதத்தை விட்டு மழுங்கும் ஆயுதத்தை எடுப்பானேன்?

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் பிளெமிங், 1945 டிசம்பரில் நோபல் பரிசு பெற்றபொழுது நிகழ்த்திய சொற்பொழிவில் ஒரு கற்பனைக் கதை கூறினார். ஒருவனுக்குத் தொண்டை நோவு. தானே பெனிசிலின் வாங்கிக் குறைந்த அளவில் உண்கிறான். கிருமி சாகாமல் மருந்தை எதிர்க்கப் பழகிக்கொள்கிறது. அது மனைவியைத் தொற்றுகிறது. அவளுக்கு மருந்து பலிக்காமல் இறந்துவிடுகிறாள். தொண்டை நோவையே அவர் உதாரணமாக எடுத்தது கவனிக்கத்தக்கது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் விஷயத்தில் அவர் அஞ்சியது நடக்கவில்லை. ஆனால் நம் உடலில் வாழும் மற்றக் கிருமிகளில் பல அந்தப் பாடத்தை நன்றாகக் கற்றுவிட்டன.

வைத்தியர் சீட்டில்லாமல் இம்மருந்துகளை விற்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அட்டையின் மேல் உள்ள சிவப்புக் கோடு எதைக் குறிக்கிறது என்று 2016-ஆம் ஆண்டு முதல் மத்திய சர்க்கார் பிரசாரமும் செய்தது. இருந்தும் விற்பனை நடக்கிறது. கடைக்காரரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. அரைநாள் கூலியை இழந்து வரிசையில் நிற்க முடியாதவனுக்குக் கடையே ஆஸ்பத்திரி.

ஆகவே சர்க்காரின் கடமையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2013 முதல் நடைபெறும் பள்ளிக் குழந்தைகள் பரிசோதனைத் திட்டத்தில், ருமாட்டிக் இருதய நோயையும் தேடும்படி விதித்திருக்கின்றனர். நல்லதே. ஆனால் வால்வு கெட்ட பிறகு கண்டுபிடிப்பதைக் காட்டிலும், கெடுக்கும் தொண்டை நோவைக் கண்டுபிடிப்பது எளிதன்றோ? 2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து தொண்டைச் சளியை அங்கே அனுப்பிச் சோதிக்க ஓர் ஏற்பாடு செய்வது பெரிய காரியமன்று. பென்சாதைன் பெனிசிலின் உலகெங்கும் தட்டுப்பட்டதுண்டு; லாபம் குறைந்த மருந்தாகையால் அதைத் தயாரிப்போர் சிலரே. சில வைத்தியர்களும் ஒவ்வாமைக்கு அஞ்சி அந்த ஊசியைத் தவிர்க்கின்றனர். முன்னரே விசாரித்து, அவசர மருந்துகளை அருகில் வைத்துக்கொண்டு போட்டால் கடுமையான விபரீதம் மிக அரிது.

திண்டுக்கல் ஜில்லாவில் பொதுப்பணியில் ஈடுபட்டுள்ள நண்பர்கள் தத்தம் பகுதியிலுள்ள சுகாதார நிலையத்துக்குச் சென்று, அந்த ஊசி இருப்பில் இருக்கிறதா, குழந்தைகளின் தொண்டையை விளக்கடித்துப் பார்க்கிறார்களா என்று இந்த மாதமே கேட்டு வரவேண்டும். இல்லை என்று விடை வந்தால் அதை எழுத்தில் வாங்கி, ஜில்லா கலெக்டரிடம் சேர்ப்பிக்குமாறு வேண்டுகிறோம்.