சாட்சி யார் பக்கம்?

சில மாதங்களுக்கு முன், ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நம்மிடம் தனித்துப் பேச விரும்பினார். அவருடைய அண்டை வீட்டுத் தம்பதியர் பிரிந்து வாழ்கின்றனர். ஏழு வயது மகள் யாரிடம் வளர்வது என்ற வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. குழந்தை இப்போது தந்தையிடம்.

“பள்ளி விட்டு வந்தால் வீடு பூட்டியிருக்கிறது. இருட்டும்வரை பிள்ளை எங்கள் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறாள். நான் கொடுக்கும் இரண்டு இட்டிலிதான் அவளுக்கு மாலை உணவு. ஆனால் காய்ச்சல் கண்ட இரவில், அதே தகப்பன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியதையும் என் கண்ணால் பார்த்தேன். இருவருமே என்னைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். நான் யார் பக்கம் நிற்பது?” என்று கேட்டார்.

இருவர் பக்கமும் அல்ல, குழந்தையின் பக்கம் என்றோம்.

சாலமோன் அரசரின் தீர்ப்பை நாம் அறிவோம். ஒரே குழந்தைக்கு இரு பெண்கள் உரிமை கொண்டாடினர். அந்த வீட்டில் அவர்களைத் தவிர வேறெவரும் இருக்கவில்லை. சாட்சி இல்லாத வழக்கில் அரசர் வாளைக் கொண்டுவரச் சொல்ல நேர்ந்தது. இன்றைய நீதிபதியோ, அண்டை அயலாரின் கண்களைக் கொண்டும் குழந்தையின் அன்றாட வாழ்வைக் காணலாம். அக்கண்கள் பாதியை மட்டுமே பார்த்தால், வாள் குழந்தையின் மீதே விழும்.

1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் சிறுவரின் நலனையே முன்வைக்கிறது. பிள்ளையின் வயது, மதம், பொறுப்பேற்க விரும்புவோரின் நடத்தை, திறமை ஆகியவற்றை எண்ணிப்பார்க்கச் சொல்கிறது. விவரம் தெரிந்த வயதாயின், பிள்ளையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கருதலாம். கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றின் வழக்கில் 1973இல் உச்சநீதிமன்றம், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையோ விளையாட்டுப் பொருளோ அல்லர் எனத் தெளிவுபடுத்தியது.

ஆகவே சாட்சி கண்டதைக் கண்டவாறே சொல்லவேண்டும். எந்த நாள், எந்த நேரம் என்று குறித்துவைப்பது நன்று. பிறர் சொல்லக் கேட்டதைத் தாமே கண்டதுபோல் உரைப்பது எட்டாம் கட்டளைக்கு விரோதம். செவிவழிச் செய்தியை நீதிமன்றமும் பொதுவாக ஏற்பதில்லை. ஒருவருக்குச் சாதகமானதைச் சொல்லி மற்றதை விழுங்குவதும் பொய்க்கு உடன்பிறப்பே. “அப்பாவைப் பிடிக்குமா, அம்மாவைப் பிடிக்குமா?” என்று பிள்ளையைத் துளைத்தெடுப்பது கொடுமை.

ஊர்வாய்க்கு அஞ்சுவோர் ஒன்றை அறிதல் வேண்டும். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, வழக்காடுவோரில் ஒருவர் விரும்பினாலும் விசாரணை மூடிய அறையில் நடைபெறும். ஆனால் அடி, பட்டினி, தகாத தீண்டல் போன்ற ஆபத்தைக் கண்டால் வாய்தா நாள்வரை காத்திருத்தல் ஆகாது. 1098 என்ற தொலைபேசி எண்ணில் உடனே தெரிவிக்கவேண்டும்.

ஆசிரியை கூண்டில் ஏறினார். திண்ணையையும் சொன்னார், காய்ச்சல் இரவையும் சொன்னார். தீர்ப்பு இன்னும் வரவில்லை. தாயும் தந்தையும் இப்போது அவரோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை. “பிள்ளை மட்டும் வழக்கம்போல் திண்ணைக்கு வருகிறாள்” என்றார்.

நம் தெருவிலும் இத்தகைய குழந்தை ஒன்று இருக்கக்கூடும். “நமக்கேன் வம்பு” என்று கதவைச் சாத்துமுன், அதற்காகப் பேச வேறு யார் இருக்கிறார் என்று ஒரு கணம் எண்ணுவோம்.